இனி நீதான், பிள்ளை

சின்னம்மா,

போன சனிக்கிழமை மதியம் ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வறுத்த சிவப்பரிசி மா கொதிநீரில் குழைந்து ஆவியில் வேகும் மணம் வாசல்வரை வந்து நின்றது. நீங்கள் கீழே நிலவறையில்தான் இருக்கிறீர்கள் என்று என் கால்கள் நம்பிவிட்டன. சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இறங்கத் தொடங்கினேன். கீழே விளக்கு எரியவில்லை. மணம் கீழேயிருந்து வரவில்லை, மேலே சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை உணர்ந்தபோது படியிலேயே நின்றுவிட்டேன். பேயைக் கண்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். பேய் என்றால் அது நீங்களாகத்தானே இருந்திருக்கும்.

அடுப்படியில் ஆரணி நின்றாள். உங்கள் மகள் உங்கள் நீல ஏப்ரனைக் கட்டியிருந்தாள். நீங்கள் செய்வது போலவே தலைமயிரைச் சுருட்டி ஒரு பென்சிலால் குத்தியிருந்தாள். இடியப்ப உரலை நெஞ்சோடு அணைத்து, தோள் இரண்டும் உயர, மூச்சைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். சித்தப்பா மேசையில் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. நீங்கள் போனபிறகு அந்த முகத்தில் நான் கண்ட முதல் மலர்ச்சி அதுதான்.

"சின்னம்மா செய்த மாதிரியே வருது, என்ன பிள்ளை?" என்றார்.

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? ஆரணி எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். தேங்காய்ப்பால் சொதியின் உப்புக்கூட உங்கள் உப்பாக இருந்தது.

கிங்ஸ்டன் என்னவாயிற்று என்று மெல்லக் கேட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே, அந்தத் தூரத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்த செய்தி நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வந்துவிட்டது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "கல்லுப் படிக்கப் போறாளாம். தோட்டத்திலை கல்லுப் பொறுக்கி எங்கட நாரியும் முதுகும் முறிஞ்சது, ஒருத்தரும் எங்களுக்குப் பட்டம் தரேல்லை." பிறகு வந்த நர்ஸிடமும் கையால் ஒரு பெரிய கல்லின் அளவைக் காட்டி, "மை டோட்டர்" என்றீர்கள். அவர் உங்களுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று நினைத்து ஃபைலைத் தேடினார்.

ஆரணி அடுப்புப் பக்கமே பார்த்தபடி பதில் சொன்னாள். "இஞ்சை பக்கத்திலையே படிக்கப் போறன், அக்கா. பஸ்ஸிலை போய் வரலாம். ஐ டோன்ட் மைண்ட். ரியலி."

அங்கே போவதா இல்லையா என்ற பதிலை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டியிருந்தது. சித்தப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் முகத்தில் கோபமோ பிடிவாதமோ இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு நினைவுக்கு வந்தது, நாங்கள் வாசித்த அந்தப் புத்தகம்.

நூலகத்தில், திரும்ப வந்த புத்தகங்களின் தட்டிலிருந்து தற்செயலாக எடுத்த மெல்லிய புத்தகம் அது. மெக்சிக்கோ வேருள்ள, அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண் எழுதிய கதைகள். அப்படிப்பட்ட பெண்கள் தங்களைச் சிக்கானா என்று சொல்லிக்கொள்வார்கள் என்று உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கடைசிவரை "உந்த மனிசி" என்றே சொன்னீர்கள். ஆகவே நானும் இங்கே அவருடைய பெயரை எழுதவில்லை. நமக்கு அவர் உந்த மனிசிதான்.

வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்ற உங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் ஓடர் அதிகம். நிலவறைக் குசினியில் ஸ்டீமர் கொதிக்க, நான் கதிரையில் காலை மடக்கி இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன வாசிக்கிறாய், எனக்கும் சொல்லன் என்று கேட்டீர்கள். அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் மாவைக் குழைப்பீர்கள், நான் இங்கிலிஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். சொல் வராமல் நான் தடுமாறினால் நீங்கள் உரலை நிறுத்திக் காத்திருப்பீர்கள்.

முதல் கதையில், தகப்பனோடு மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒரு சிறுமி வருவாள். எந்த வாய்க்காலை மண்ணால் அடைத்தால் எந்த வரிசைக்குத் தண்ணீர் போகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு கோடையில் அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் அடைக்கத் தெரியாமல் அடைத்து, தண்ணீரெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். நீங்கள் "நல்ல வேலை, கடவுள் இருக்கிறார்" என்றீர்கள். பிறகு, நானும் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறினவள்தான், பெரிய பிள்ளை ஆனபிறகு கிணற்றடிக்கே விடவில்லை என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஊர் ஏக்கம் எதுவும் இருக்கவில்லை. வெங்காயம் என்றாலே உங்களுக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்திருந்தது, தண்ணீர் நீங்கள் காட்டிய பக்கம் போனது மட்டும்தான்.

இன்னொரு நாள், வாய்க்காலில் குளிக்கும் பெண் தன் உடம்பைப் பார்க்கும் ஓர் இடம் வந்தது. அதை எப்படி உங்களுக்குத் தமிழில் சொல்வது என்று வெட்கப்பட்டு, மெதுவாகத் தாண்டிப் போனேன். உங்கள் கண் உரலில்தான் இருந்தது. ஆனாலும் பிடித்துவிட்டீர்கள்.

"என்ன பிள்ளை, ரெண்டு பக்கத்தை ஒண்டாத் திருப்பிறாய்? பிள்ளை பெத்த எனக்கு ஒளிக்க உங்கை என்ன கிடக்கு?"

வாசித்தேன். நீங்கள் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு எடுப்பு" என்றீர்கள்.

சித்தப்பா ஒருமுறை படியில் பாதி இறங்கி நின்று, ரெண்டு பேருக்கும் பரீட்சையோ என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அவர் திரும்ப மேலே போகும்வரை நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். ஏன் கவிழ்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்குச் சித்தப்பாவிடம் சிறுவயதிலிருந்தே பயம். அவர் ஒருநாளும் என்னை ஏசியதில்லை. அவர் பேசாமல் இருக்கும்போது அந்த அறையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் தங்கள் குரலைக் குறைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் பயந்து பழகினேன் என்று நினைக்கிறேன்.

உந்த மனிசியின் கதைகளிலும் அந்தப் பயம்தான் இருந்தது. அவற்றில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. தகப்பன்மார் களைத்தவர்கள், தாய்மார் அன்பானவர்கள், அயலவர்கள் கடவுளுக்குப் பயந்தவர்கள். ஆனாலும் கதை முடியும்போது ஒரு பெண்ணுக்கு முன்னால் கதவு சாத்தியிருக்கும். சாத்தியது யார் என்று பின்னுக்குப் போய்த் தேடினாலும் ஆள் அகப்படாது.

அந்தக் கடைசிக் கதையை நான் உங்களுக்கு வாசித்திருக்கக்கூடாதோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பின்னேரம் நீங்கள் களைத்திருந்தீர்கள். உடம்பில் என்ன வருத்தம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கதையில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் தாய் இறந்துபோவாள். ஊர்ப் பெண்கள் துணியால் மூடிய சட்டிகளில் சாப்பாடு கொண்டுவருவார்கள், செபம் சொல்வார்கள். விடைபெறும்போது ஒவ்வொருத்தியும் மூத்த மகளின் தலையில் கை வைத்து, இனி நீதான் என்று சொல்லிவிட்டுப் போவாள். செபநாட்கள் முடிந்ததும் கடைசிச் சட்டியும் கழுவித் திரும்பிப் போய்விடும். அடுத்த நாள் விடிய, அவள் எழும்பி வந்து பார்க்கிறாள், அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. பற்றவைக்கிறாள். தகப்பன் வந்து மேசையில் அமர்கிறார். அதோடு கதை முடிகிறது.

நீங்கள் உரலை வைத்துவிட்டீர்கள்.

"அவ்வளவுதானோ?"

ஓம் என்றேன்.

"உந்த மனிசிக்கு எழுதத் தெரியும். ஆனா அவசரக்காரி. பெட்டையை அடுப்படியிலை விட்டிட்டு ஓடிட்டா."

நான் படித்த படிப்பின் பெருமையோடு உங்களுக்கு விளக்கம் சொன்னேன். அங்கே நிறுத்துவதுதான் கலை, வாசிக்கிறவருக்குப் பயம் வரவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி விடுகிறார் என்றேன்.

"எனக்குப் பயம் காட்டக் கதை வேணுமோ?" என்றீர்கள்.

பிறகுதான் சொன்னீர்கள். பதினைந்து வயதில் உங்கள் அம்மா காய்ச்சலில் போனதை. அதற்கு முன்பே உங்கள் அக்கா, என் அம்மா, கலியாணமாகிக் கனடாவுக்கு வந்துவிட்டிருந்ததை. செத்தவீட்டு அடுப்பில் சமைக்கக்கூடாது என்று அயலெல்லாம் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்ததை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் வராமல் போனதையும், நீங்கள் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்ததையும். எல்லாம் தெரிந்த கதைபோல, கையில் ஒட்டிய மாவைத் தேய்த்து உருட்டிக்கொண்டே சொன்னீர்கள். பள்ளிக்கூடச் சட்டை பெட்டிக்குள் தோய்த்து மடித்தபடியே இருந்ததாம்.

"ஒருத்தரும் மறிக்கேல்லை, பிள்ளை. பள்ளிக்கூடம் போகாதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. போ எண்டும் சொல்லேல்லை."

அந்தக் கதையைப் பிறகு நாங்கள் பேசவில்லை. நீங்கள் உரலை எடுத்தீர்கள். நான் தட்டுகளை அடுக்கித் தந்தேன்.

உங்களைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், சின்னம்மா, நான் ஆரணிக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களின் ஜக்கெட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பு நனைந்திருந்தது. வரிசையில் முதலில் வந்த அன்ரி ஆரணியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். "இனி நீதான் பிள்ளை அப்பாவைப் பாக்கவேணும்" என்றார். கண்ணீரோடு, உண்மையான அன்போடுதான் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர், இனி நீதான் இந்த வீட்டுக்கு விளக்கு என்றார். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோளில் எதையோ ஏற்றிவைப்பது எனக்குத் தெரிந்தது. ஆரணி எல்லோருக்கும் தலையாட்டினாள், "ஓம் அன்ரி, ஓம் அன்ரி." இதைச் சொல்லாதேங்கோ என்று கத்தவேண்டும் போலிருந்தது. அழ வந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? நம்மிடம் ஆறுதலுக்கு வேறு வசனம் இல்லை. முன்பொருமுறை என் அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் மனைவி இறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே இரண்டு ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு எல்லோரும் படிப்பை விட்டிடாதேங்கோ தம்பியவை என்றுதான் சொன்னார்கள்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் சொந்தமெல்லாம் முறை வைத்து உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். முப்பத்தோராம் நாள் முடிந்த பின்னேரம், என் அம்மா கடைசிச் சட்டியைக் கழுவித் துடைத்துக் காருக்குள் வைத்தார். நான் பின்கதிரையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டின் சமையலறை யன்னலைப் பார்த்தேன். நாளை விடிய அங்கே யார் அடுப்பைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேனே.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கிங்ஸ்டன் கதையைச் சொன்னேன். உனக்கேன் உந்த வேலை, அந்த மனிசன் பாவம், பெட்டை பக்கத்திலை படிச்சா என்ன குறை என்று அம்மா கேட்டார். பாத்திரம் துலக்கியபடியே கேட்டார். அப்படியென்றால் சின்னம்மா ஏன் பள்ளிக்கூடத்தை விட்டவ என்று நான் கேட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா குழாயைப் பூட்டினார். "நான் இஞ்சை வந்திட்டன். கடிதத்திலை அவள் சுகம் எண்டுதான் எழுதினவள்," என்றார். புதன்கிழமை நான் கார்ச் சாவியை எடுத்தபோது அம்மா என்னை மறிக்கவில்லை. போ என்று அவரும் சொல்லவில்லை.

உங்கள் தெருவுக்குள் திரும்ப முடியவில்லை, சின்னம்மா. முந்தைய தெருவிலேயே காரை நிறுத்திவிட்டு இருந்தேன். யாரோ ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தேன், நன்றாக வந்தது. ஆனால் சித்தப்பாவிடம் இங்கிலிஷில் பேசுவது அவரை அந்நியராக்குவது. தமிழில் சொல்லிப் பார்த்தபோது ஒவ்வொரு வசனமும் மன்னிப்புக் கேட்பதாகவே முடிந்தது. கலியாணம் கட்டாத பெட்டை கதைச்சா காத்துக் கதைச்ச மாதிரி என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. அவருடைய வீட்டுக்குள் போய், அவருடைய மகளை அனுப்பு என்று சொல்ல நான் யார்? மனைவியை இழந்து மூன்று மாதம் ஆகாத மனிதர். நான் பேசி, அவர் உடைந்துபோனால்? அல்லது எழும்பி, இனி இந்த வீட்டுக்கு வராதை என்றால்? ஆரணியைப் பார்க்கக்கூட எனக்கு வழி இருக்காது. இவ்வளவும் யோசித்துக்கொண்டு இருந்தேன். புல் வெட்டியவர் வெட்டி முடித்து, இயந்திரத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். தெரு அமைதியானது. அந்த அமைதியில் இருக்க இன்னும் பயமாக இருந்தது. இறங்கினேன்.

சித்தப்பா வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆரணி மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பயற்றங்காய் முறித்தாள். இரு பிள்ளை என்றார் சித்தப்பா. இருந்தால் பேசமாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன்.

"சித்தப்பா, ஆரணி கிங்ஸ்டனுக்குப் போகட்டும்."

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவர் கோப்பையை வைத்தார். ஆரணியின் கையில் பயற்றங்காய் முறியாமல் நின்றது.

"நானோ மறிச்சனான்?" என்றார். "நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பிள்ளை. அவளைக் கேட்டுப் பார்."

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை, அக்கா," என்றாள் ஆரணி அவசரமாக. "நான்தான். ஃபியூனரலிலை எல்லாரும் சொன்னவைதானே, இனி நான்தான் எண்டு. ஸோ..."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும், அப்பா. யூ வேர் தேர்."

அன்று மண்டபத்தில் அவர் அங்கேதான் நின்றார். அவளுக்கு மற்றப் பக்கத்தில் நின்றார். அவருடைய காதில் அது விழவேயில்லை என்பதை அவருடைய முகத்தில் கண்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் இத்தனை நாளும் பயந்தது இவருக்கு அல்ல என்று. ஆனால் பயம் குறையவில்லை. மனிதருக்குப் பயந்தால் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசலாம். இதற்கு முகமில்லை, இது அந்த அறை முழுவதும் இருந்தது.

"மறிக்காமல் இருந்தா மட்டும் காணாது, சித்தப்பா," என்றேன். "போ எண்டு உங்கட வாயாலை சொல்லவேணும். சொல்லாட்டி அவள் போகமாட்டாள். சின்னம்மாவுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

அது வாயிலிருந்து வந்தபிறகுதான், உங்களுடைய கதையை எடுத்து உங்களைக் கேட்காமல் மேசையில் வைத்துவிட்டேன் என்று உறைத்தது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ படிப்பு ஏறேல்லை எண்டெல்லோ எனக்குச் சொன்னவ," என்றார்.

அப்படியா சொல்லி வைத்திருந்தீர்கள்? இத்தனை வருடமும்? ஒரு பகிடியாகச் சொல்லியிருப்பீர்கள். அவரும் சிரித்திருப்பார்.

அவர் எழும்பிப் பின்கதவைத் திறந்து வளவுக்குள் போனார். கண்ணாடிக்கு அப்பால், வேலியைப் பார்த்தபடி, கையைக் கட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஆரணி என்னிடம் கோபமாக, ஏன் அக்கா அப்பாவைக் கஷ்டப்படுத்துறீங்கள் என்று கேட்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், இந்த வீட்டில் மிச்சமிருந்ததையும் உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். உந்த மனிசி இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார். எனக்கு நிறுத்த வழியிருக்கவில்லை.

சித்தப்பா உள்ளே வந்தார். உட்காரவில்லை. ஆரணியைப் பார்க்காமல், மேசையிலிருந்த பயற்றங்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போயிட்டு வா, பிள்ளை."

அவள் அசையவில்லை. அவருக்கு அது போதவில்லை என்று தோன்றியிருக்கவேண்டும். இந்தமுறை அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அங்கை குளிர் கூடவோ?"

"கொஞ்சம், அப்பா."

"நல்ல ஜக்கெட் ஒண்டு எடுக்கவேணும்."

பதிலை அனுப்ப அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதுதான். அழுத்தியபிறகு மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா முறித்த பயற்றங்காயைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தைத் தானே முறிக்கத் தொடங்கினார். நாரை உரிக்க அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இது நல்ல முடிவா என்று எனக்குத் தெரியாது, சின்னம்மா. செப்டெம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோடையில் கலியாணங்கள் வரும், அங்கே அன்ரிமார் எல்லோரும் வருவார்கள். அப்பாவைத் தனிய விட்டிட்டுப் போறியோ என்று ஒருத்தராவது அன்போடு கேட்பார். அவள் ஓம் அன்ரி என்று சொல்லிவிட்டால்? சித்தப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கும் பின்னேரங்களை நினைத்தாலும் பயம்தான். சரியானதைச் செய்தால் பயம் போய்விடும் என்று நான் வாசித்த புத்தகங்களில் எங்கோ இருந்தது. போகவில்லை.

நான் கிளம்பியபோது ஆரணி வெறுங்காலோடு டிரைவ்வேவரை வந்தாள். கோபம் ஆறியிருந்தது. என் கார்க் கதவின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தபோது, நீங்களும் என்னிடம் இதையே சொன்னீர்கள். அதுவரை வந்தவர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் தைரியம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பி, பயமாக் கிடக்கு பிள்ளை என்றீர்கள். இவ்வளவு வாசித்த எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. ஒன்றுமில்லை, சுகமாகிவிடும் என்று பொய் சொல்லவும் முடியவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உடம்பு அவ்வளவு மெலிந்தபிறகும் அந்தக் கையில் பலம் இருந்தது. எனக்கு வலித்தது. நான் கையை இழுக்கவில்லை. நித்திரையாகும்வரை பிடித்திருந்தீர்கள்.

நான் இன்னும் கொண்டுதிரிவது அதைத்தான். உங்களுடைய பயத்துக்குப் பக்கத்தில் ஓடாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை.

பயப்படாதே என்று நான் ஆரணிக்குச் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான் என்றேன். அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பயற்றங்காய் முறித்த விரல்கள் ஈரமாக இருந்தன. நன்றாக இறுக்கிப் பிடித்தாள். நான் காரில் ஏறவில்லை. அவளாக விடும்வரை நின்றேன்.